சிங்கராயன் பெயரில் கிடந்தவன்

மதலேனுக்குப் பொய் சரளமாக வரும். பிறவியிலேயே அப்படி இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு வந்த பழக்கம். உதடு வீங்கிக் கிணற்றடிக்குப் போனால், கேட்கிறவர்களிடம் "கதவுல இடிச்சிக்கிட்டேன்" என்பாள். கையில் கட்டோடு கன்னியர் மடத்துக்கு வேலைக்குப் போனால், "மாடு முட்டிடுச்சும்மா" என்பாள். அவளிடம் மாடு கிடையாது என்பது மடத்து அம்மாமார்களுக்குத் தெரியும். ஆனாலும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

அவள் புருஷன் சிங்கராயன் இலங்கைக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் ஆள். நங்கூரச் சங்கிலியில் சிக்கி இடது காலின் சுண்டுவிரல் போனவன். அந்தக் கால் தரையில் விழும் சத்தமே தனி. தெருமுனையில் அது கேட்டதுமே மதலேன் அடுப்பு நெருப்பைத் தணித்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொள்வாள்.

மடத்தில் அவளுக்கு வேலை, கோயில் துணிகளை வெளுப்பது. பீடத்து விரிப்புகள், சாமியாரின் வெள்ளை அங்கிகள் எல்லாவற்றையும் கஞ்சி போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுப்பாள். ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டாள். சிறுமியாக இருந்தபோது ஞானோபதேச வகுப்பில் கற்பனைகள் எனப்படும் பத்துக் கட்டளைகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்து மாதா படம் பரிசு வாங்கியவள். எட்டாம் கற்பனை, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது. அதை வெற்றிலை பாக்குபோல் வாயில் அடக்கி வைத்திருந்தாளே தவிர, விழுங்கியதில்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷக் கார்த்திகைப் புயலில் அந்தத் தோணி போயிற்று. அதில் காரைக்கால் ஆட்கள் இரண்டு பேர்: சிங்கராயனும், நாகூர் மீரான் என்ற இளைஞனும். மற்றவர்கள் நாகப்பட்டினத்துக்காரர்கள்.

புயல் ஓய்ந்த பிறகு வந்த அமைதியைத்தான் ஊரில் யாரும் மறக்கவில்லை. தென்னைகள் எல்லாம் தலையிழந்து ஒரே திசையில் சாய்ந்து நின்றன. காக்கை ஒன்றுகூட இல்லை. கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது. கோட்டுச்சேரிமேட்டுக் கரையில் ஒரு உடல் ஒதுங்கியிருப்பதாக மீனவர்கள் வந்து சொல்ல, மதலேனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாகூர் மீரானின் அண்ணன் ஹமீது அப்போது தெற்கே நாகப்பட்டினக் கரையில் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தான்.

உடல் மணலில் குப்புறக் கிடந்தது. மேலே ஒரு சாக்கு. நாற்றம் தாங்காமல் போலீஸ்காரரும் மேரியிலிருந்து வந்த குமாஸ்தாவும் தள்ளி நின்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலில் அப்போது ஊர் நிர்வாக ஆபீசை மேரி என்றுதான் சொல்வது. முகம் பார்க்கும்படி இல்லை, மீன் கொத்தியிருக்கிறது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள்.

மதலேன் சாக்கின் கீழ்முனையைத் தூக்கினாள். இடது கால் தெரிந்தது. ஐந்து விரலும் இருந்தன. மேல்முனையைத் தூக்கினாள். ஊதிப்போன வலது கையில் கறுப்புக் கயிறு கட்டித் தாயத்து ஒன்று. கயிற்றின் பாதி கறுப்பு, பாதி நீல நூல்.

"ஒம் புருஷனா?" என்று குமாஸ்தா தூரத்திலிருந்தே கேட்டார்.

அவள் கடலைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் அவன் எங்கேயோ இருக்கிறான் என்று ஆகிவிடும். என்றைக்காவது தெருமுனையில் அந்தக் கால் சத்தம் கேட்கும்.

"அவருதாங்க."

"எதை வச்சு சொல்றே?"

"முதுவுல மச்சம் இருக்குங்க."

சாக்கை விலக்கி மச்சத்தைப் பார்க்க அங்கே யாருக்கும் தெம்பில்லை. உடலைப் பாயில் சுருட்டினார்கள். அன்று மாலைக்குள் கல்லறைத் தோட்டத்தில் சிங்கராயன் என்று பேர் சொல்லி, சாமியார் மந்திரித்து அடக்கம் செய்தார். மதலேன் அழுதாள். மெய்யாகவே அழுதாள். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் பயமில்லாமல் தூங்கப்போகிற அழுகை அது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது.

சில மாதம் நன்றாகத்தான் இருந்தது. முகத்தில் காயம் ஆறிக் களை வந்தது. பெண்சாதியைப் பிரசவத்தில் பறிகொடுத்த லெயோன், ரொட்டிக் கிடங்கில் அடுப்பு வேலை பார்ப்பவன், மடத்துக்கு ரொட்டி கொண்டுவரும்போது அவளோடு நின்று பேச ஆரம்பித்தான். மெல்லப் பேசுகிற மனிதன். துக்க வருஷம் கழியட்டும், பிறகு சாமியாரிடம் பேசலாம் என்றான். அவளும் சரி என்றாள்.

முதலில் அது துணியில்தான் தெரிந்தது.

வெளுத்து வெயிலில் காயப்போட்ட பீடத்து விரிப்பை மடத்து அம்மா ஒருவர் எடுத்து முகர்ந்து பார்த்தார். "கடல் தண்ணியிலயா அலசினே?" என்று கேட்டார்.

"கெணத்துத் தண்ணிதாம்மா."

"உப்பு வாடை அடிக்குதே."

மதலேன் தொட்டுப் பார்த்தாள். விரலில் நரநரவென்று உப்பு ஒட்டியது. திரும்ப அலசினாள். அடுத்த வாரமும் அப்படியே. புயலில் கிணற்றில் கடல் ஏறியிருக்கும் என்று மடத்தில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த யாருக்கும் உப்புக் கரிக்கவில்லை.

பிறகு பாதம் வந்தது. அடுத்த மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் விடிந்ததும் வாசல் பெருக்க வந்தவள், ஈர மண்ணில் ஒற்றைப் பாதத்தின் தடத்தைப் பார்த்தாள். இடது கால். வீட்டைப் பார்த்துப் பதிந்திருந்தது. வந்த தடம் இல்லை, போன தடம் இல்லை. சிங்கராயன் வந்துவிட்டான் என்றே முதலில் நினைத்தாள். துடைப்பம் கையிலிருந்து விழுந்துவிட்டது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். ஐந்து விரல்.

புருஷனுக்குப் பயந்து பழகியவள் அவள். அந்தப் பயம் எங்கே பிடிக்கும், எப்படி விடும் என்பதெல்லாம் தெரியும். இது அவளுக்குப் பழக்கமில்லாத பயம். வந்தவன் அடிக்க வரவில்லை. எதுவோ கேட்க வந்து, கேட்கத் தெரியாமல் வாசலில் நின்றுவிட்டுப் போயிருக்கிறான்.

யாராவது மீன்காரன் மிதித்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெருக்கிவிட்டாள். மழை பெய்து ஓய்ந்த காலைகளில் அது மறுபடி வந்தது. அவள் மறுபடி பெருக்கினாள். லெயோன் ஒரு நாள் கேட்டான், ஏன் இப்படி இளைத்துப்போனாய் என்று. "ஒருசந்தி இருக்கேன்" என்றாள். நோன்பு எதுவும் அவள் பிடிக்கவில்லை. அந்தப் பொய்யும் தயங்காமல்தான் வந்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. கிறிஸ்தவர்கள் எல்லோரும் செத்தவர்களின் குழிமேட்டில் மெழுகுவர்த்தி ஏற்றும் சாயங்காலம். சிங்கராயன் என்று எழுதிய சிலுவைக்கு முன் மதலேன் மண்டியிட்டாள். காற்றே இல்லை. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் சுடர்கள் ஆடாமல் நின்றன. அவள் ஏற்றியது மட்டும் அணைந்தது. பக்கத்துக் குழியிலிருந்து நெருப்பு எடுத்து ஏற்றினாள். அணைந்தது. "சிங்கராயனுடைய ஆத்துமம் இளைப்பாறக்கடவது" என்று சொல்ல வாயெடுத்தால் நாக்கில் உப்பு.

"மதலேன்ங்கிறது நீங்கதானாம்மா?"

கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு முஸ்லிம் பெண்மணி நின்றிருந்தார். நாகூர் மீரானின் தாய் நபீசா. மதலேன் எழுந்து வேலியோரம் போனாள்.

"ஒங்க வூட்டுக்காரரும் எம்புள்ளையும் ஒரே தோணிம்மா. ஒங்களுக்கு மையத்துக் கெடைச்சிடுச்சு. அது எந்தப் பக்கமா ஒதுங்குச்சு, எந்த நீரோட்டத்துல வந்துச்சுன்னு தெரிஞ்சா, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேடச் சொல்லலாம்னுதான் வந்தேன்."

"ஒரு வருசமாச்சேம்மா" என்றாள் மதலேன்.

"ஆமா. எலும்பாச்சும் கெடைக்கும்ல. அடையாளம் நான் சொல்றேன். வலது கையில தாயத்துக் கட்டியிருப்பான். கறுப்புக் கயிறு பத்தல. வூட்டுல இருந்த நீல நூலைச் சேத்து நான்தான் கட்டிவுட்டேன். ஒங்க கண்ணுல அப்படி எதுவும் படலியா?"

"இல்லீங்க" என்றாள் மதலேன்.

நபீசா தலையசைத்துவிட்டுப் போனார். மதலேன் திரும்பிப் பார்த்தாள். மெழுகுவர்த்தி அணைந்த இடத்தில் மண் நனைந்து கறுத்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். கோபப்பட்டேன், செபத்தில் கவனம் சிதறினேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொன்னாள். பெரியதைச் சொல்லவில்லை. சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். பூசையில் நன்மை வாங்கியபோது, சாமியார் நாக்கில் வைத்த அப்பம் மணல்போல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கரையவேயில்லை. கடவுள் தன்னைத் துரத்துகிறார் என்று நினைத்தாள். துரத்துகிறவருக்கு எப்படிச் செபம் சொல்வது என்று தெரியாமல், செபமாலையைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

தை மாதம் லெயோனுக்கும் அவளுக்கும் கோயிலில் ஓலை வாசித்தார்கள். கல்யாணம் பேசியவர்களின் பேரை மூன்று ஞாயிறு பூசையில் வாசித்துத் தடை ஏதும் உண்டா என்று கேட்கிற வழக்கம். முதல் ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு கூட்டம் அதிகம். பெண்கள் பக்கத்தில் இடமில்லாமல் அவள் வியாகுல மாதா பீடத்தின் அருகே தரையில் உட்கார்ந்தாள். சிலுவையிலிருந்து இறக்கிய மகனின் உடலை மடியில் கிடத்திக்கொண்டு மாதா உட்கார்ந்திருக்கும் சுரூபம் அது. எத்தனையோ தடவை அதன் அடியில் விரிப்பு மாற்றியிருக்கிறாள். அன்றுதான் அதைக் கண் மட்டத்தில் பார்த்தாள். மரத்தில் செதுக்கிய மகனின் இடது பாதம் அவள் முகத்துக்கு நேரே தொங்கியது. ஐந்து விரல். வண்ணப் பூச்சின்மேல் ஈரம் மினுங்கியது. பெருவிரல் நுனியில் ஒரு சொட்டுத் திரண்டு அவள் முந்தானையில் விழுந்தது.

பனிக்காலம், கூரையிலிருந்து நீர் சொட்டியிருக்கலாம். அவள் மேலே பார்க்கவில்லை. மாதாவின் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தாய்க்கு மகனின் உடல் கிடைத்தது. மடியில் போட்டு அழ முடிந்தது. இன்னொரு தாய்க்கு அது கிடைக்காமல் செய்தவள் நான். இந்த எண்ணம் வந்ததும், இத்தனை நாள் துரத்துவதாக அவள் நினைத்தவர் அங்கே செத்துக் கிடப்பதைக் கண்டாள். அவர் யாரையும் துரத்தவில்லை. கிடந்தார். தாயிடம் தன்னை ஒப்படைக்கச் சொல்லிக் கிடந்தார்.

"...காலஞ்சென்ற சிங்கராயனின் கைம்பெண் மதலேன் என்பவளுக்கும்" என்று சாமியார் வாசித்துக்கொண்டிருந்தார். "விக்கினம் அறிந்தவர்கள் யாராவது உண்டானால் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

பூசை முடியும்வரை மதலேன் அசையவில்லை. முடிந்ததும் சாமியாரிடமோ லெயோனிடமோ போகாமல், விசாரித்துக்கொண்டே நேரே நபீசா வீட்டுக்கு நடந்தாள்.

நபீசா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கூடத்தில் ஒரு தட்டில் சோறு வைத்து மூடியிருந்தது. எதிரில் பலகை காலியாக இருந்தது.

"வாங்கம்மா. ஏதாச்சும் சேதி தெரிஞ்சுச்சா?"

"தெரியும்மா. மொதல்லேருந்தே தெரியும்." மதலேன் நின்றபடியே சொன்னாள். "அன்னிக்கு ஒதுங்குனது எம்புருசன் இல்ல. கறுப்புக் கயிறும் நீல நூலும் நான் பாத்தேன். ஒங்க புள்ளதான் எம்புருசன் பேர்ல பொதைஞ்சு கெடக்கான்."

முறத்தில் அரிசி நின்றுவிட்டது. உள்ளேயிருந்து வந்த ஹமீது காதில் விழுந்ததை நம்பாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் நபீசா கேட்டார். "அவன் மூஞ்சிய எந்தப் பக்கமா வச்சீங்க?"

மதலேனுக்குப் புரியவில்லை.

"எங்கள்ல கிப்லாப் பக்கம் திருப்பி வைக்கணும்மா. மேற்கப் பாத்து."

"மேல பாத்து வச்சாங்க" என்றாள் மதலேன். "வானத்தப் பாத்து."

"ஏன் செஞ்சீங்க?" என்று ஹமீது கேட்டான். அவன் சத்தம் போடவில்லை; அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எம்புருசன் செத்துட்டான்னு ஊர் நம்பணும்னு. அவன் வந்துடக் கூடாதுன்னு. அவன் என்னை அடிப்பான், தம்பி. கதவுல இடிச்சதா இத்தன வருசம் சொன்னதெல்லாம் பொய்யி." அந்த வார்த்தைகளை அவள் அதற்குமுன் எவரிடமும் சொன்னதில்லை.

நபீசா எழுந்து கூடத்துக்குள் போனார். மகனுக்கென்று வைத்திருந்த தட்டை எடுத்து வந்து சோற்றைக் கோழிகளுக்கு இறைத்தார். பருக்கை மிச்சமில்லாமல். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வருஷமாக அழாமல் வைத்திருந்ததை அழுதார். மதலேன் போகவில்லை. திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் திட்டவில்லை. அப்புறம்தான் போனாள்.

சாமியாரும் பள்ளிவாசல் பெரியவர்களும் பேசி, மேரியில் அனுமதி வாங்கிக் குழியைத் தோண்டினார்கள். காலை வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் குழியிலிருந்து வந்த காற்று, கடலிலிருந்து வருவதுபோல் குளிர்ந்திருந்தது. வெட்டியான் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணை ஒதுக்கினான். முதலில் வெளியே வந்தது கை எலும்பு. கயிறு இற்றுப்போயிருந்தது. கறுப்புப் பக்கம் பொடியாக உதிர்ந்தது. நீல நூல் மட்டும் அன்று கட்டியதுபோல் நிறம் மாறாமல் இருந்தது. ஹமீது அதைப் பார்த்ததும் மண்டியிட்டு, "தம்பி" என்று மட்டும் சொன்னான்.

நாகூர் மீரானை வெள்ளைத் துணியில் பொதிந்து, முஸ்லிம்களின் மையத்தாங்கொல்லைக்கு எடுத்துப்போய், முகம் மேற்கே பார்க்கக் கிடத்தினார்கள். இங்கே சிலுவையைப் பிடுங்கியபோது குழியில் தண்ணீர் ஊறியிருந்தது. வெட்டியான் ஒரு வாய் எடுத்துச் சுவைத்துப் பார்த்துத் துப்பினான். நல்ல தண்ணீர் என்றான்.

ஊர் அவளை எளிதில் விடவில்லை. உயிரோடிருக்கிற புருஷனுக்குப் பிணம் காட்டினவள் என்று கோயிலில் அவளை ஒட்டி உட்காரமாட்டார்கள். பீடத்துத் துணி வெளுப்பதை மடத்தில் நிறுத்திவிட்டு, சமையல்கட்டுத் துணிகளை மட்டும் கொடுத்தார்கள். மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

லெயோன் ரொட்டிக் கூடையோடு அவள் வாசலில் வந்து நின்றான்.

"கல்யாணம் ஆனப்புறம் சொல்லியிருக்கலாமே, மதலேன். நானும் கூட நின்னிருப்பேன்."

"அப்பச் சொன்னா நீங்களும் அந்தப் பொய்க்குள்ள இருப்பீங்க."

"சிங்கராயன் செத்துத்தான் இருப்பான். ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதுங்க."

அவன் கூடையை இறக்கினான். ஒரு ரொட்டியை எடுத்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான். வெகுநாள் அப்படி வைத்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போனபின் கிடங்கில் வியாபாரம் படுத்துவிட்டது. பாண்டிச்சேரிக்குப் போய் அங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்தச் செய்தி வந்த அன்று மதலேன் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், "மனசு சரியில்ல. அவரை எனக்கு ரொம்பப் புடிக்கும்" என்று சொன்னாள்.

மேரியில் சிங்கராயனின் சாவுப் பதிவைத் திருத்துவதற்குள் ஆட்சியே மாறிவிட்டது. புதிதாக வந்த அதிகாரி மனுவைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "செத்தவனச் சாவலன்னு எழுதச் சொல்ற ஆள இப்பதாம்மா பாக்குறேன். பொய்யா சாட்சி சொன்னதுக்கு ஜெயில்ல போடலாம், தெரியுமா?"

"போடுங்கய்யா. ஆனா மொதல்ல அதத் திருத்திடுங்க."

திருத்தினார்கள். ஜெயிலில் போடவில்லை.

வாசலில் அந்தப் பாதம் மறுபடி வரவில்லை. பயம் போய்விட்டதா என்றால் இல்லை. சிங்கராயன் திரும்பவும் இல்லை. செத்தான் என்று சேதியும் இல்லை. மழைக்காலங்களில் தெருவில் கால் சத்தம் கேட்டால் அவள் கை நின்றுவிடும். ஆனால் சுவரோரம் ஒதுங்கமாட்டாள். பெட்டியிலிருந்து செபமாலையை எடுத்து, அவன் உயிரோடிருந்தால் மனம் திரும்பட்டும், செத்திருந்தால் இளைப்பாறட்டும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்வாள். உண்மை சொல்வது அவளுக்குப் பழக்கமாவதற்குப் பல வருஷம் பிடித்தது. வாயில் பொய் வந்து நிற்கும்; அதைப் பிடித்து நிறுத்தி, மெல்ல வேறு வார்த்தை தேடுவாள். அதனாலேயே பேச்சு தாமதமானது. நாளடைவில் மடத்தில் பீடத்து விரிப்புகளைத் திரும்பக் கொடுத்தார்கள். அவற்றில் கஞ்சி வாசனை மட்டுமே இருந்தது.

ஐம்பத்தெட்டில் நபீசா படுத்த படுக்கையானார். வயிற்றில் கட்டி. ஹமீது மதலேனைத் தேடி வந்தான். "உம்மா ஒங்களத்தான் கூப்புடுறாங்க, அக்கா."

மத்தியான நேரம். அறையில் சாம்பிராணிப் புகை. உறவுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, இன்னும் நாலு நாளில் எழுந்து நடப்பீர்கள், டாக்டர் சொல்லிவிட்டார் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நபீசா கையை அசைத்து அவர்களை வெளியே போகச் சொன்னார். வெளிச்சத்தில் அவர் கண்கள் உள்ளே போய் இருண்டிருந்தன. அந்த இருட்டுக்குள்ளிருந்து யாரோ பார்ப்பதுபோல் மதலேனுக்குத் தோன்றியது.

"எல்லாரும் எழுந்திரிச்சுடுவேன்னு சொல்றாங்க. நீ சொல்லு. நான் பொழைப்பேனா?"

மதலேன் அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். எளிதான வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அந்தக் குளிர்ந்த கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பொழைக்க மாட்டீங்கம்மா."

நபீசா கண்ணை மூடிக்கொண்டார். இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டார்.

"அப்ப ஹமீதக் கூப்புடு. சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு. நீ எங்கயும் போவாதே."

"போவலம்மா" என்றாள் மதலேன்.